சுண்ணாம்புக் கல்லும் கான்கிரீட்டும்

(ஊராட்சிப் பொறுப்பாளர், பணி மேற்பார்வையாளர், கொத்தனார் ஆகியோருக்காக நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



இம்மேசையின்மீது இரண்டு கற்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. காலையில் வந்தவுடன் தங்களிற் பலர் இவற்றைக் கையிலெடுத்துப் பார்த்தீர்கள். இவற்றின் பெயர் யாது என்று வினவியபொழுது இரண்டையுமே சுண்ணாம்புக் கல் என்றீர்கள். அவ்விடை தவறன்று. காளவாயில் இட்டுச் சுட்டால் இரண்டும் சுண்ணாம்பாகத்தான் நீறும். ஆனால் கான்கிரீட்டில் ஜல்லியாக இடும்பொழுது ஒன்று கட்டடத்தைத் தாங்கும், மற்றொன்று கட்டடத்தைக் கெடுக்கும். மூன்றாவது கல் ஒன்றும் உண்டு. அதனை இங்கே கொண்டுவந்து வைப்பதே சட்டத்திற்கு மாறானதாகையால் அதற்குரிய இடம் வெறுமையாக இருக்கிறது. அதைப்பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

இப்பொருளைப் பேச எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்னர் வேறோர் ஒன்றியத்தில் நாம் பணியாற்றியபொழுது, ஒரு சிற்றூரில் சத்துணவுச் சமையற்கூடம் கட்டப்பெற்றது. கருங்கல் ஜல்லி ஏற்றிவர வேண்டிய லாரி குறித்த நாளில் வரவில்லை. ஐப்பசி மழையோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஊருக்கு வடக்கே ஓடைக்கரையில் தோண்டிக் குவித்திருந்த சுக்கான் கல்லை உடைத்து, இருந்த கருங்கல் ஜல்லியோடு கலந்து மேல்தளம் போட்டுவிட்டனர். சிமிண்டுப் பால் படிந்துவிட்டால் எல்லாக் கல்லும் ஒரே நிறந்தான். நாம் சென்று பார்த்தபொழுது தளம் பூசி, வெள்ளையடித்து, வாயிலில் மாவிலைத் தோரணமும் கட்டியிருந்தனர். பட்டியலை நிறைவேற்றி அனுப்பிவிட்டோம்.

இரண்டாவது மழைக்காலத்தில் தளத்தின் அடிப்பகுதியில் ஈரம் படர்ந்தது. அதற்கடுத்த ஆண்டில் பூச்சு வட்டம் வட்டமாகப் பெயர்ந்து, துருவேறிய கம்பி வெளியே தெரிந்தது. சமையல் செய்யும் அம்மையார், "பிள்ளைங்க சோத்துல காரை விழுது ஐயா" என்று கூறி, அடுப்பை வேப்பமரத்தடிக்கு மாற்றிக்கொண்டார். தளத்தை இடித்து மீண்டும் போடும்வரை, மழையிலும் வெயிலிலும், அக்குழந்தைகளின் உணவு மரத்தடியிலேயே சமைக்கப்பட்டது. குற்றம் எவருடையது என்று ஒருவரையொருவர் சுட்டிக்கொண்டனர். பட்டியலிற் கையொப்பம் இட்டவர் நாமே என்பதை ஈண்டு மறைப்பதற்கில்லை. தளம் போடுவதற்கு முதல்நாள் அந்த ஜல்லிக் குவியலருகே ஐந்து நிமிடம் நின்றிருந்தால் போதும். நாம் நிற்கவில்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி பின்னர் நடந்தது. தாழையூத்துப் பகுதியை ஒட்டிய ஓர் ஊரில் சமுதாயக் கூடத்தின் அடித்தளத்திற்கும் தரைக்கும் நன்கு உடைத்த சுண்ணாம்புக் கல் ஜல்லி வந்து இறங்கியது. கல் நல்ல கல். சோதனைச் சீட்டும் இருந்தது. ஆயினும் ஊரார் திரண்டுவந்து வேலையை நிறுத்திவிட்டனர். "சுண்ணாம்பு தண்ணி பட்டா கொதிக்கும், வெடிக்கும். கல்யாண வீட்டுச் சுண்ணாம்பு வெத்தலைத் தட்டுல இருக்கலாம்; தரைக்குள்ள இருக்கலாமா?" என்று ஒரு பாட்டியார் கேட்டார். கேள்வி நியாயமானதே. கெட்ட கல்லை ஏற்றுக்கொண்டு நல்ல கல்லை விரட்டும் நிலை எதனால் வந்தது? எல்லாவற்றிற்கும் ஒரே பெயர் இருப்பதனால் வந்தது என்பதே நமது கருத்து.

அப்பாட்டியாருக்குக் கூறிய விடையை இங்கும் கூறுவோம். தண்ணீர் பட்டால் கொதிப்பது சுட்ட கல். சுடாத கல் அன்று. சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுடும்பொழுது அதனுள் அடங்கியிருக்கும் கரியமில வாயு வெளியேறுகிறது. தூய கல் 100 கிலோ இட்டால் 44 கிலோ வாயுவாகப் போய், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். அந்தச் சுட்ட சுண்ணாம்புதான் நீரைக் கண்டால் கொதித்து, பருத்து, நீறிப் போகிறது. சுடாத கல்லோ பல ஆண்டு மழையில் கிடந்தாலும் நீறுவதில்லை. தாழையூத்துப் பாறை எத்தனை கார்த்திகை மழையைக் கண்டிருக்கும்! அது ஒருநாளும் கொதித்ததில்லை. அச்சப்பட வேண்டியது வேறொன்று: காளவாயிலிருந்து ஒதுக்கிய அரைவேக்காட்டுக் கட்டிகள். அவற்றை ஜல்லியோடு சேர்த்தால், கான்கிரீட் இறுகிய பின்னர் உள்ளே நீர் சென்று கட்டி பருத்து, மேற்பரப்பு பொரிபோல வெடிக்கும். ஆகவே பாட்டியாரின் அச்சத்திலும் ஓர் அனுபவ உண்மை உண்டு. எவரோ எப்பொழுதோ காளவாய்க் கழிவைக் கலந்து கெட்டிருக்க வேண்டும்.

இனி, மேசையின் வலப்புறம் இருக்கும் கல்லைக் காண்போம். இது பழம்பாறை வகையைச் சேர்ந்த படிகச் சுண்ணாம்புக் கல். பூமிக்குள் நெடுங்காலம் வெப்பத்திற்கும் அழுத்தத்திற்கும் உள்ளாகிப் படிகமாக மாறியது. சலவைக் கல்லுக்கு உறவானது. உடைத்த முகம் சர்க்கரைபோல் மின்னும். தாழையூத்திலும் இராமையன்பட்டியிலும், நாங்குநேரிப் பக்கம் பத்மநேரி, சிங்கிகுளம் ஆகிய இடங்களிலும், 2019ஆம் ஆண்டு பிரிந்து தனி மாவட்டமாகிய தென்காசியில் பந்தப்புளியிலும் இவ்வகைப் பாறை உண்டு. இதனை நம்பித்தான் 1946ஆம் ஆண்டில் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் தோன்றி, 1949இல் தாழையூத்தை அடுத்த சங்கர்நகரில் தன் முதல் ஆலையைத் தொடங்கியது. நாம் கடையில் வாங்கும் சிமிண்டு மூட்டையில் பெரும்பகுதி சுண்ணாம்புக் கல்லிலிருந்து பிறந்ததே. தாயும் பிள்ளையும் ஒரே கலவைக்குள் கூடுவதில் என்ன விபரீதம் இருக்கிறது?

விபரீதம் இல்லாதது மட்டுமன்று, நன்மையும் உண்டு. சிமிண்டுப் பசை இக்கல்லின் மேற்பரப்பை மிக நன்றாகப் பற்றுகிறது. கான்கிரீட் உடையும்பொழுது பெரும்பாலும் கல்லும் பசையும் சேரும் இடத்திலேதான் முதல் பிளவு தோன்றும். அப்பற்று நன்றாக இருப்பதனால், தனிக்கல்லாகப் பார்க்கையில் கருங்கல்லினும் சற்றுக் குறைந்த வலிமையுள்ள சுண்ணாம்புக் கல் ஜல்லி, கான்கிரீட்டாக மாறியபின் சமமாக நிற்பதும் உண்டு. அமெரிக்க நாட்டில் உடைத்துப் பயன்படுத்தும் கல்லில் ஏறத்தாழ 70 விழுக்காடு சுண்ணாம்புக் கல்லும் அதனைச் சேர்ந்த டோலமைட்டுமேயாகும். அந்நாட்டுச் சாலைகளும் பாலங்களும் அக்கல்லினால் நிற்கின்றன. இது புதுமையான சோதனை முயற்சியன்று என்பதற்காக இதனைக் குறிப்பிடுகிறோம்.

வெயிலைப்பற்றியும் ஒரு சொல். திருநெல்வேலிச் சித்திரை வெயிலைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பகலில் மேல்தளம் விரிகிறது, இரவில் சுருங்குகிறது. இந்தியத் தர நிர்ணயம் 456 இதற்குக் கணக்குத் தந்திருக்கிறது. வெப்பம் ஒரு பாகை ஏறினால், வெண்படிகக் கல் ஜல்லியிட்ட கான்கிரீட் இலட்சத்தில் 1.2 முதல் 1.3 பங்கு நீளும்; கருங்கல் ஜல்லி எனில் 0.7 முதல் 0.95, சுண்ணாம்புக் கல் எனில் 0.6 முதல் 0.9. கருங்கல்லுக்கும் இதற்கும் வேறுபாடு பெரிதன்று; ஆனால் இருக்கும் வேறுபாடு நமக்குச் சாதகமானது. தீயிலும் இக்கல் 700 பாகை வரை கருங்கல்லைவிட அமைதியாக இருக்கும். கருங்கல்லில் உள்ள வெண்படிகம் 573 பாகையில் திடீரெனப் பருப்பது இதற்குக் காரணம். 700 பாகையைத் தாண்டினாலோ, இக்கல்லே காளவாய்க் கல்லாக மாறத் தொடங்கும். பெருந்தீ கண்ட கட்டடத்தை, எந்த ஜல்லியானாலும், பொறியாளர் பார்வையின்றித் திரும்பப் பயன்படுத்தலாகாது.

இவ்வளவும் கூறியதனால் வலப்புறத்துக் கல் எல்லாம் நல்ல கல் என்று கொள்ளற்க. ஒரே குழியில் பல குணங்கள் உண்டு. படிகம் பெரிது பெரிதாக அமைந்த கல்லைக் கையால் நெரித்தாலே கற்கண்டுபோல் உதிர்வதைக் காணலாம். காக்காய்ப் பொன் என்று சிறுவர் கூறும் அப்பிரகத் தகடு வரிசையாக ஓடும் கல் ஏடு ஏடாகப் பிளக்கும். களிமண் ஊடாடிய கல், சுத்தியல் பட்டதும் மந்தமாக ஒலிக்கும். இவற்றை ஒதுக்கிவிட வேண்டும். நெருங்கிய சிறுபடிகமும், ஒரே திண்மையும், தட்டினால் கணீரென்ற ஒலியும் உள்ள கல்லே ஜல்லிக்கு ஏற்றது.

நிற்க. இடப்புறத்துக் கல்லுக்கு வருவோம். இதுதான் சமையற்கூடத்தைக் கெடுத்த சுக்கான் கல். இது பாறையன்று, மண்ணுக்குள் பிறந்த உருண்டை. மழைநீர் மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. பின்னர் வெயிலில் அந்நீர் ஆவியாக, சுண்ணாம்பு மண்ணையும் மணலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு முடிச்சு முடிச்சாக உறைகிறது. கரிசல் நிலத்திலும் ஓடைக்கரையிலும் ஏர் முனையில் இடறுவது இதுவே. உள்ளே துளைகள் மிகுதி; களிமண்ணும் மிகுதி. நீரை உறிஞ்சும். சிமிண்டுப் பசை கல்லைப் பற்றாமல் மேலே ஒட்டிய மண்ணைப் பற்றும். மண்ணோ எதனையும் பற்றாது. கம்பியுள்ள கான்கிரீட்டில் இதனை ஒரு சட்டிகூடச் சேர்த்தலாகாது.

ஆனால் சுக்கான் கல்லை இழித்துரைப்பதும் நன்றியின்மையாகும். இதனைச் சுட்டால் கிடைக்கும் சுண்ணாம்பு, அதனுள் இருக்கும் களிமண்ணின் துணையால், ஈரத்திலும் இறுகும் தன்மையுடையது. சிமிண்டு வருமுன்னர் நம் முன்னோர் அணையும் பாலமும் கட்டியது சுண்ணாம்புச் சாந்தினாலேதான். பாளையங்கோட்டையையும் திருநெல்வேலியையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. தாமிரபரணியின் வெள்ளங்கள் பலவற்றைக் கண்டது. சுண்ணாம்பு வலிவற்றது என்பாரை அப்பாலத்தடியில் சற்று நிறுத்திவைக்கலாம். கல்லின் குணத்திற்கேற்ற வேலையைக் கொடுத்தால் சுக்கான் கல்லும் உழைக்கும். சுட்டால் சாந்துக்கு ஆகும். சுடாமல், கிராமச் சாலையின் அடிப்படுகைக்கு, பொறியாளர் அனுமதித்தால், ஆகும். தளத்திற்கு ஆகாது.

இனி, மேசையில் வைக்கப்படாத மூன்றாவது கல். 1986ஆம் ஆண்டுவரை தூத்துக்குடியும் நம் மாவட்டமாகவே இருந்தது. அக்கரையோரத்தில் முருகைக் கல் எனப்படும் பவளக் கல்லைக் கடலிலிருந்து வெட்டியெடுத்துச் சுண்ணாம்பு சுடவும் சுவர் கட்டவும் பயன்படுத்திய வழக்கம் நெடுநாள் இருந்தது. அதன் விளைவு யாது? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் தூத்துக்குடிக்கு எதிரேயிருந்த விலங்குசல்லித் தீவும், கீழக்கரைக்கு எதிரேயிருந்த பூவரசன்பட்டித் தீவும் கடலுள் அமிழ்ந்தன. பவளப்பாறை அலையைத் தடுக்கும் வேலி. வேலியை வெட்டினால் தோட்டம் எங்ஙனம் நிற்கும்? 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டது. சட்டம் ஒருபுறமிருக்க, அக்கல் தன் துளைகளெல்லாம் உப்பை நிரப்பி வைத்திருக்கிறது. கம்பிக்கு உப்பைவிடப் பெரிய பகை இல்லை. பழைய வீடு இடித்த முருகைக் கல் மலிவாகக் கிடைக்கிறது என்று எவரேனும் கூறினால், அதனையும் ஜல்லியாக உடைத்துப் போடவேண்டாம்.

யாழ்ப்பாணத்தையும் ஈண்டு நினைத்துக்கொள்ளலாம். அத்தீபகற்பத்தின் அடித்தளம் முழுதும் சுண்ணாம்புப் பாறையே. காங்கேசன்துறைச் சிமிண்டு ஆலை எழுந்ததும் அதனை நம்பியே. ஆனால் அது கடலில் உருவாகிய இளம்பாறை. துளையும் நீரோட்டமும் உடையது. தாழையூத்துக் கல்லோடு அதற்குப் பெயரொற்றுமை உண்டேயன்றிக் குணவொற்றுமை இல்லை. யாழ்ப்பாணத்து உறவினர் கூறும் அனுபவத்தை அப்படியே இங்குப் பொருத்துவதும், இங்குள்ளதை அங்குப் பொருத்துவதும் பிழையாகும்.

இனிச் சோதனை முறைகள். களத்தில் நின்றபடியே செய்யத்தக்கவற்றை முதலிற் கூறுவோம். இரும்பாணியால் கல்லின்மேல் அழுத்திக் கீறுங்கள். சுண்ணாம்புக் கல் கீறுபடும், கருங்கல் கீறுபடாது. ஜல்லி வண்டியில் எது வந்திருக்கிறது என்பதை அறிய இதுவே போதும். கீறிய பொடியின்மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் சுண்ணாம்பு நுரைக்கும். ஆனால் இச்சோதனை வலப்புறக் கல்லையும் இடப்புறக் கல்லையும் பிரித்துக் காட்டாது, இரண்டும் நுரைக்கும். அவற்றைப் பிரிப்பது தண்ணீர். உலர்ந்த ஜல்லியை நிறுத்து, ஒருநாள் முழுதும் நீரில் ஊறவைத்து, துணியால் மேலீரம் துடைத்து மீண்டும் நிறுத்துப் பாருங்கள். படிகக் கல் நூற்றுக்கு ஒரு பங்குகூட ஏறாது நிற்பது இயல்பு. சுக்கான் கல் அதனினும் பலமடங்கு ஏறும். ஊறவைத்த வாளியின் நீரும் சேறாகக் கலங்கியிருக்கும். வாளியைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அன்று அந்த வாளி நம்மிடம் இல்லாமற் போயிற்று.

கூடத்திற் செய்யவேண்டிய சோதனைகள் இந்தியத் தர நிர்ணயம் 2386இல் வகுக்கப்பட்டுள்ளன. ஏற்கத்தக்க அளவுகள் 383இல் உள்ளன. அவற்றுள் மோதல் சோதனையை நாம் பெரிதும் விரும்புகிறோம். கருவி சிறிது, வண்டியில் எடுத்துச் செல்லலாம். ஏறத்தாழ 14 கிலோ எடையுள்ள சம்மட்டி 38 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 15 முறை ஜல்லியின்மேல் விழும். அதனால் நொறுங்கி நுண்சல்லடையின் கீழிறங்கும் தூள் நூற்றுக்கு 45 பங்கிற்கு மேற்படலாகாது. தேய்மானம் உள்ள தளமாயின், அதாவது சாலை, களம் முதலியனவாயின், 30க்கு மேற்படலாகாது. கந்தக உப்புக் கரைசலில் ஐந்து முறை ஊறவைத்து உலர்த்தும் சோதனையும் உண்டு. சோடிய உப்பாயின் பருஜல்லி நூற்றுக்கு 12 பங்கிற்கு மேல் இழக்கலாகாது. களிமண் ஒளிந்திருக்கும் கல்லை இச்சோதனை காட்டிக்கொடுத்துவிடும். இவற்றையெல்லாம் திருநெல்வேலி அரசினர் பொறியியற் கல்லூரி போன்ற இடங்களிற் செய்துகொள்ளலாம்.

இவை அனைத்திற்கும் மேலாகக் கட்டைச் சோதனை. 15 சென்டிமீட்டர்ச் சதுரக் கட்டையை அதே கலவையில் வார்த்து, 28 நாள் நீரில் வைத்து, எந்திரத்தில் நசுக்க வேண்டும். எம் 20 தரக் கான்கிரீட்டு எனில் அச்சிறு கட்டை ஏறத்தாழ 45 டன் சுமையைத் தாங்கவேண்டும். தாழையூத்துப் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில் ஊரார் முன்னிலையிலேயே கட்டைகளை வார்த்தோம். ஊர்ப் பெரியவர்கள் இருவர் கட்டையின்மேல் தாங்களே ஆணியால் அடையாளம் கீறினர், மாற்றிவிடக் கூடாதென்று! நாம் சிறிதும் வருந்தவில்லை. 28ஆம் நாள் அவர்களையும் உடனழைத்துச் சென்று நசுக்கிக் காட்டினோம். கட்டை தேவையான சுமையைத் தாண்டியும் நின்றது. திரும்பும் வழியில் ஒருவர், "எங்க வீட்டுத் திண்ணைக்கும் இந்தச் சல்லி கிடைக்குமா ஐயா?" என்று கேட்டார்.

கலவையைப்பற்றிக் கொத்தனார்களுக்குத் தனியே இரண்டொரு சொற்கள். உலர்ந்த ஜல்லியை அப்படியே கொட்டினால் அது கலவை நீரைக் குடித்துவிடும், கலவை இறுகும், உடனே சித்தாளிடம் "இன்னும் ஒரு வாளி" என்பீர்கள். அந்த ஒரு வாளிதான் தளத்தின் ஆயுளைக் குடிக்கிறது. ஆகவே முதல்நாள் மாலையிலேயே ஜல்லிக் குவியலை நனைத்து வையுங்கள். காலையில் மேலீரம் வடிந்தபின் பயன்படுத்துங்கள். கம்பித் தளத்திற்கு எம் 20 குறைந்த தரம். 50 கிலோ மூட்டைக்கு நீர், ஜல்லியிலும் மணலிலும் உள்ள ஈரத்தையும் சேர்த்து, 27 லிட்டரை ஒட்டி நிற்கவேண்டும். உடைகல்லின் மேல் ஒட்டிய குழித்தூளையும் மண்ணையும் கழுவாமல் சேர்க்காதீர்கள். தூள் சுண்ணாம்புத் தூளாயின் களிமண்ணளவு தீங்கில்லை. ஆனால் குழியிலிருந்து வருவது எந்தத் தூள் என்பதைக் கண்ணால் எவர் சொல்வார்? மணலுக்கும் இது பொருந்தும். தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010ஆம் ஆண்டில் தடை விதித்ததுமுதல் உடைகல் மணலின் தேவை பெருகியிருக்கிறது. அதில் 75 மைக்ரான் துளைக்குக் கீழிறங்கும் தூள் நூற்றுக்கு 15 பங்குக்குள் இருக்கவேண்டும்.

எங்கே இக்கல்லை இடலாகாது என்பதையும் கூறிவிடுவோம். சாலையின் மேற்பரப்பில் வேண்டாம். சக்கரம் பட்டுப்பட்டு மெருகேறி, மழையில் வழுக்கும். சலவைக் கல் தரையில் ஈரக்காலோடு நடந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஊறல் நீர், புளித்த கழிவு முதலியன தேங்கும் தொட்டியின் உட்புறத்திலும் வேண்டாம். அமிலம் கல்லைத் தின்னும். இதில் ஒரு வியப்பு உண்டு. பாதாளச் சாக்கடைக் குழாய்களுக்கு, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில், வேண்டுமென்றே சுண்ணாம்பு வகை ஜல்லியை இடுகின்றனர். கருங்கல் ஜல்லியாயின் அமிலம் சிமிண்டை மட்டும் அரித்துக் கல்லை உதிர்த்துவிடும். சுண்ணாம்பு ஜல்லியாயின் கல்லும் சேர்ந்து அமிலத்தை முறிப்பதால் குழாய் மெல்ல, சீராகத் தேய்ந்து நெடுநாள் நிற்கும். அது பொறியாளர் கணக்கிட்டுச் செய்யும் வேலை. நமது ஊராட்சித் தொட்டிக்கு உதாரணமாகக் கொள்ளவேண்டாம்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. கனடா நாட்டில் கிங்ஸ்டன் நகரையடுத்த ஒரு குழியின் கல்லை இட்ட கான்கிரீட் பருத்து வெடித்ததை ஸ்வென்சன் என்னும் ஆய்வாளர் 1957ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். களிமண் கலந்த டோலமைட்டு வகைக் கல் சிமிண்டிலுள்ள காரத்தோடு சேர்ந்து செய்த வினை அது. எல்லாச் சுண்ணாம்புக் கல்லும் அவ்வாறு செய்வதில்லை; ஆயினும் ஒரு புதிய குழியிலிருந்து பெருமளவு கல் எடுக்குமுன், நிலநூல் அறிந்தவரிடம் ஒரு துண்டைக் காட்டிவிடுவது நலம்.

கடைசியாக, கல் யாருடையது என்னும் கேள்வி. "பாறை எங்கள் ஊர்ப் புறம்போக்கில்தானே இருக்கிறது, உடைத்தால் என்ன?" என்று சில ஊராட்சியினர் கேட்கின்றனர். சுண்ணாம்புக் கல் 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்திற்கு உட்பட்டது. சுக்கான் கல் போன்றவற்றிற்குத் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959 உண்டு. அனுமதியும் உரிமைத்தொகையும் நடைச்சீட்டும் இன்றி ஒரு வண்டி எடுத்தாலும் பிழையே. மேலும், சுண்ணாம்புச் சத்து மிகுந்த கல்லைச் சிமிண்டு ஆலைக்கு விட்டுவிடுவதே நாட்டிற்கு நலம். அக்கல் வெட்ட வெட்டக் குறைவது. ஆலைக்கு ஆகாதென்று, மணற்சத்தோ மக்னீசியமோ மிகுந்ததால், குழியோரத்தில் ஒதுக்கப்படும் கல்லிற்றான் நமக்கு வேலை இருக்கிறது. அதில் திண்மையானது ஜல்லிக்கு ஆகலாம். முறையாக விண்ணப்பித்து, சோதித்து, நடைச்சீட்டோடு எடுத்துவந்தால் அருகிலுள்ள ஊர்களுக்கு ஏற்றுகூலி மிச்சப்படும். தொலைவிலுள்ள ஊர்களுக்கு இதனால் பயனில்லை. அவர்கள் கருங்கல்லையே பயன்படுத்துக.

உணவு இடைவேளைக்குப் பின்னர் அலுவலகத்தின் பின்புறத் தாழ்வாரத்தில் மோதல் கருவியும், தராசும், நான்கு வாளிகளும் வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் ஊராட்சியிலிருந்தும் ஒரு படி ஜல்லி கொண்டுவரும்படி சுற்றறிக்கையில் கேட்டிருந்தோம். கொண்டுவந்தவர்கள் பையின்மேல் ஊர்ப் பெயரையும், குழி இருக்கும் இடத்தையும், எந்த வேலைக்கு வந்த ஜல்லி என்பதையும் எழுதி மேற்பார்வையாளரிடம் ஒப்படையுங்கள். இன்று ஊறவைப்பதை நாளைக் காலை பத்து மணிக்கு நிறுப்போம். கொண்டுவராதவர்கள், அடுத்த தளம் போடுவதற்கு மூன்று நாள் முன்னரேனும் நமக்குச் செய்தி அனுப்புங்கள். வாளியோடு நாமே வருகிறோம்.